நிறுத்தப்பட்ட வண்டியை வீட்டுக்கு வாங்கலாமா?

 

நாங்கள் பழைய ரெனோ டஸ்டர் ஒன்று வாங்கியது உங்களில் பலருக்குத் தெரிந்துவிட்டது. வாழ்த்தியவர்கள் பாதி, திட்டியவர்கள் பாதி. "டீச்சர், கம்பெனியே நிறுத்தின வண்டி அது, தெரியுமா தெரியாதா?" என்று கேட்டவர்கள் குறைந்தது பதினைந்து பேர். என் கொழுந்தனார் இன்னும் ஒரு படி மேலே போய், "மைனி, பெத்தவனே கைவிட்ட பிள்ளைய நீங்க எடுத்து வளக்கப் போறீகளா?" என்றார். ஒவ்வொருவருக்கும் போனில் பதில் சொல்லித் தொண்டை காய்ந்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். நேரம் இருக்கும்போது படியுங்கள். பழைய வண்டி வாங்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு உதவும்.

முதலில், எங்களுக்கு ஏன் வண்டி?

என் பேரனைப் பற்றி உங்களில் சிலருக்குத் தெரியும். எட்டு வயது. பிறக்கும்போதே பெருமூளை வாதம். அறிவில் ஒரு குறையும் இல்லை, வாய்ப்பாடு கேட்டால் பதினாறாம் வாய்ப்பாடு வரை சொல்வான். கால்கள்தான் ஒத்துழைப்பதில்லை. வாரம் இரண்டு நாள் திருநெல்வேலிக்குப் பிசியோதெரபி கூட்டிப் போகிறோம். சங்கரன்கோவில் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து போய்வர 115 கிலோமீட்டர். மாப்பிள்ளை திருப்பூரில் வேலை. மாதம் இரண்டு தடவை வருவார். ஆக, அலைச்சல் முழுவதும் மகளுக்கும் எனக்கும்.

இந்தச் சிகிச்சையில் முக்கியம், விடாமல் செய்வது. தசைகளை நீட்டிவிட்டுக்கொண்டே இருக்காவிட்டால் அவை இறுகிப்போகும். இறுகியதைத் திரும்பத் தளர்த்துவது பெரும்பாடு, சில நேரம் அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய்விடும். நான் நோட்டுப் போட்டுத் தேதி எழுதி வைக்கிறவள். போன வருஷம் 22 நாள் போக முடியாமல் தவறியிருக்கிறது. அதில் பையனுக்குக் காய்ச்சல் என்று தவறியது ஐந்து நாள்தான். மிச்சம் பதினேழும் டாக்சி கிடைக்காமல் தவறியது. முகூர்த்த நாளில் ஊரில் ஒரு வண்டி மிஞ்சாது. ஆவணி, தை மாதங்களில் கேட்கவே வேண்டாம். பஸ்ஸில் பிள்ளையையும் சக்கர நாற்காலியையும் ஏற்றி இறக்குவது என்னைப் போன்ற அறுபத்தைந்து வயதுக்காரிக்கு முடிகிற காரியமில்லை.

ஆகவே, எங்கள் வினாத்தாளில் முதல் கேள்வி "எந்த வண்டி அழகு?" என்பதில்லை. பிள்ளையைத் தூக்கி உட்கார வைக்க எது சுலபம், நாற்காலி எதில் மடிக்கிற சிரமம் இல்லாமல் போகும், என் மகளால் எதை அலுப்பில்லாமல் ஓட்ட முடியும், ஆறு லட்சத்துக்குள் எது வரும் என்பதுதான். பணம் என் பணிக்கொடையில் மிச்சம் வைத்தது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. கடன் வாங்குவதில்லை என்பதும் முடிவு.

டேப்பும் நாற்காலியுமாகப் போனோம்

எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் பேரனின் சக்கர நாற்காலியையும் தையல் டேப்பையும் எடுத்துக்கொண்டுதான் போனோம். விற்கிறவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள், பார்க்கட்டும்.

சின்ன கார்களில் இருக்கை தாழ்வு. 22 கிலோப் பிள்ளையைக் குனிந்து உள்ளே வைக்க வேண்டும், திரும்ப எடுக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளும். டிக்கியில் நாற்காலியின் சக்கரத்தைக் கழற்றினால்தான் கதவு மூடும். சேடன் கார்களில் டிக்கி பெரியது, ஆனால் அதன் வாய் சின்னது. இருக்கை இன்னும் தாழ்வு. பொலிரோ, ஸ்கார்பியோ மாதிரி உயரமான வண்டிகள் என்றால் பிள்ளையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்க வேண்டும். நானும் ஏறுவதற்குப் படி தேட வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் உள்ளவைதான் கிராஸ்ஓவர் என்று சொல்கிற வகை. பார்க்க ஜீப் மாதிரி இருக்கும், அடியில் கட்டமைப்பு கார் மாதிரி. தனிச் சட்டத்தின் மேல் உடலைத் தூக்கி வைக்காமல், உடலும் சட்டமும் ஒன்றாகவே செய்யப்பட்டவை. அதனால் தரையிலிருந்து உயரம் இருந்தாலும் உள்தளம் ரொம்ப மேலே போகாது. டஸ்டரின் பின் இருக்கை என் மகளின் இடுப்புக்குச் சற்றுக் கீழே வந்தது. குனியவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம், அப்படியே பக்கவாட்டில் நகர்த்தி உட்கார வைக்கலாம். டிக்கி 475 லிட்டர். நாற்காலி ஒரே மடிப்பில் போய்ப் படுத்துக்கொண்டது, பக்கத்தில் ஒரு பைக்கும் இடமிருந்தது. டிக்கியின் விளிம்பு கொஞ்சம் உயரம் என்பது மட்டும் குறை. அடிப்பாகம் தரையிலிருந்து 205 மில்லிமீட்டர். எங்கள் ஊர்ச் சாலையில் பஞ்சாயத்துக்காரர்கள் கட்டியிருக்கும் வேகத்தடைகளைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

மூட்டுவலி உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் நீங்களும் இதையே பாருங்கள். மைலேஜ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், அம்மாவை ஏற்றி உட்கார வைத்து, இறக்கிப் பாருங்கள்.

டஸ்டர் யார் பிள்ளை?

கொஞ்சம் வரலாறு சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. டஸ்டர் என்பது ருமேனியா நாட்டில் ரெனோவின் டாசியா என்ற பிரிவு 2010-இல் கொண்டுவந்த வண்டி. விலை கூடாமல், கரடுமுரடான சாலைக்குத் தாங்குகிற மாதிரி எளிமையாகச் செய்தது. 2012 ஜூலையில் இந்தியாவில் ரெனோ பெயரில் விற்பனைக்கு வந்தது. அதைத் தயாரித்தது நம் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் ஆலையில். பெரிய வண்டிக்கும் சின்னக் காருக்கும் நடுவில் இப்படி ஒரு வகை உண்டு என்று நம் மக்களுக்குக் காட்டியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 2013-க்கான இந்தியாவின் சிறந்த கார் விருதும் அதற்குத்தான். நிசான் டெரானோ என்று சாலையில் பார்க்கிறீர்களே, அது இதன் உடன்பிறப்பு. முகம்தான் வேறு, அடிப்படை ஒன்று.

2015-இல் ஹூண்டாய் க்ரெட்டா வந்தது. உள்ளே இன்னும் வசதி, இன்னும் பளபளப்பு. கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது ரெனோ இந்தியாவில் டீசல் இயந்திரங்களையே விட்டுவிட்டது. டஸ்டருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே டீசல்தான். பெட்ரோலில் மட்டும் இரண்டு வருஷம் ஓட்டி, 2022-இல் அந்த டஸ்டரை நிறுத்தினார்கள். ஆக, வண்டி கெட்டது என்பதால் நிற்கவில்லை. போட்டியும் விதியும் மாறியதால் நின்றது. வாங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

"நிறுத்திட்டாங்களே" என்ற பயம்

இதில் மூன்று வகை உண்டு, பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, கம்பெனியே நாட்டை விட்டுப் போவது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-இன் முடிவில் இந்தியாவில் கார் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-இல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இரண்டு கம்பெனிகளுமே பழைய வண்டிகளுக்குச் சர்வீஸ் தொடரும் என்றுதான் சொன்னார்கள். இருந்தாலும் நம் பக்கத்து ஊரில் ஷோரூம் மூடினால் நமக்கு அலைச்சல்தான்.

இரண்டு, கம்பெனி இருக்கிறது, அந்த மாடல் மட்டும் இல்லை. டஸ்டர் இந்த வகை. ரெனோ இன்னும் க்விட், ட்ரைபர், கைகர் விற்கிறது. சர்வீஸ் நிலையங்கள் இருக்கின்றன.

மூன்று, மாடல் நின்றாலும் அதன் இயந்திரம் வேறு வண்டிகளிலும் ஓடிக்கொண்டிருப்பது. டஸ்டரின் ஒன்றரை லிட்டர் டீசல் இயந்திரத்துக்குக் கே9கே என்று பெயர். இதே குடும்பத்து இயந்திரம்தான் டெரானோ, நிசான் சன்னி, மைக்ரா, ரெனோ லாட்ஜி, மஹிந்திரா வெரிட்டோ எல்லாவற்றிலும். வெரிட்டோவை நம் ஊர் டாக்சிக்காரர்கள் எத்தனை பேர் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார்கள்! அதைப் பிரித்துப் பழகிய கைகள் எல்லா ஊரிலும் உண்டு.

ஆனாலும் வாங்கும் முன் நான் ஒரு வேலை செய்தேன். ஐந்து பொருள்களின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு சர்வீஸ் நிலையத்துக்கும் வெளிக் கடைக்கும் போனேன்: கிளட்ச் செட், முன் ஷாக் அப்சார்பர், பின் விளக்கு, முன் கண்ணாடி, ஏசி கம்ப்ரசர். விலை என்ன, எத்தனை நாளில் வரும் என்று கேட்டு எழுதினேன். ஆயில், ஃபில்டர், பிரேக், கிளட்ச் போல அடிக்கடி தேயும் பொருள்கள் சுலபமாகக் கிடைக்கின்றன. விளக்கு, பம்பர், கண்ணாடி போன்ற உடல் பாகங்களுக்குத்தான் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு நமக்குச் சம்மதமா என்று யோசித்த பிறகுதான் வண்டியைப் பார்க்கவே கிளம்பினோம். நிறுத்தப்பட்ட எந்த வண்டிக்கும் இந்த ஐந்து வரித் தேர்வை வைத்துப் பாருங்கள். பாதி பயம் போய்விடும், அல்லது பயப்பட வேண்டிய வண்டி எது என்று தெரிந்துவிடும்.

எந்த டஸ்டர்?

பெயர் ஒன்றானாலும் உள்ளே பல. டீசலில் 85 குதிரைத்திறன் ஒன்று, 110 குதிரைத்திறன் ஒன்று. 85-க்கு ஐந்து கியர், 110-க்கு ஆறு கியர். சிலதில் நான்கு சக்கரமும் இழுக்கும் ஏற்பாடு உண்டு. 2016-இல் கிளட்ச் மிதிக்காமல் ஓட்டும் ஏஎம்டி வந்தது. 2017-இல் ஒன்றரை லிட்டர் பெட்ரோலும் சிவிடி கியரும். கடைசியாக 2020-இல் 156 குதிரைத்திறன் டர்போ பெட்ரோல். அது நல்ல இயந்திரம், ஆனால் சாலையில் குறைவு. அதனால் உள்ளூர் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமும் குறைவு.

மாப்பிள்ளைக்கு 110 மேல் ஆசை. நான்கு வழிச் சாலையில் முந்துவதற்கு அது சுகம் என்பது உண்மைதான். ஆனால் வாரம் இரண்டு நாள் ஓட்டப்போவது என் மகள். இரண்டையும் அவளையே ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். 110-இல் இயந்திரம் கொஞ்சம் சுற்றிய பிறகுதான் இழுவை வருகிறது, கிளட்ச்சும் கனம். 85 மெதுவாகவே போனாலும் தாழ்ந்த வேகத்தில் முக்காமல் இழுக்கிறது. பாளையங்கோட்டை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டு வந்தவள், "அம்மா, எனக்கு இதுதான்" என்று 85-ஐக் காட்டினாள். பேச்சு முடிந்தது. வண்டியை ஓட்டுகிறவரின் இடது காலைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. 2017-இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்திய டஸ்டரை மோதிச் சோதித்தது. ஏர்பேக் இல்லாத வண்டிக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை, பூஜ்யம். ஓட்டுநருக்கு ஏர்பேக் உள்ள வண்டிக்கு மூன்று நட்சத்திரம். நம் நாட்டில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானதே 2019-இல்தான். அதற்கு முந்தைய குறைந்த விலை வண்டிகளில் அது இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஸ்டீயரிங் நடுவில் ஏர்பேக் என்று எழுத்து இருக்கிறதா, சாவி போட்டதும் மீட்டரில் அந்த விளக்கு எரிந்து பிறகு அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றாலும் சந்தேகம், அணையவே இல்லை என்றாலும் சந்தேகம். ஏபிஎஸ் விளக்குக்கும் இதே விதி.

பார்த்த மூன்று வண்டிகள்

என் மெக்கானிக் வேறு யாருமில்லை. ஐந்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, என் கைக்கடிகாரத்தைப் பிரித்து மாட்டிக் கொடுத்தவன். இன்று சங்கரன்கோவிலில் சொந்தப் பட்டறை, நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். மூன்று இடத்துக்கும் கூட வந்தான். கூலி கேட்டால் கோபம் வருகிறது, அதனால் அவன் மகளுக்குப் பேனா வாங்கிக் கொடுத்தேன்.

முதல் வண்டி ஒரு வியாபாரியிடம். பளபளவென்று இருந்தது. விலையும் எதிர்பார்த்ததைவிட முக்கால் லட்சம் குறைவு. தம்பி உள்ளே போய் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தான். நுனியில் மண் நிறத்தில் ஒரு கோடு. கால்மிதிக்குக் கீழே உள்ள விரிப்பைத் தூக்கி முகர்ந்து பார்த்தான், ஈரக் கோணி வாடை. இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு. "டீச்சர், இது தண்ணில நின்ன வண்டி. விட்டுருங்க" என்றான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அப்போது மூழ்கிய வண்டிகள் சில கழுவித் துடைக்கப்பட்டு இன்று சந்தையில் நிற்கின்றன. இயந்திரத்தைச் சரிசெய்துவிடலாம். வயர் இணைப்புகளுக்குள் புகுந்த ஈரம் எப்போது வேலையைக் காட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளையோடு நடுவழியில் நிற்கவா வண்டி வாங்குகிறோம்?

இரண்டாவது கேரளப் பதிவு வண்டி. நல்ல வண்டிதான், சர்வீஸ் ரசீதுகள்கூட இருந்தன. ஆனால் வெளிமாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டு ஆயுள் வரியை வண்டியின் வயதுக்கு ஏற்ப மறுபடி கட்ட வேண்டும். எல்லாம் கூட்டிப் பார்த்தால் குறைவான விலை குறைவாக இல்லை. கூடவே, வங்கிக் கடன் ஆர்சியில் நீக்கப்படாமல் கிடந்தது. "கடனை அடைச்சாச்சு, பேப்பர் அப்புறம் தர்றோம்" என்றார்கள். பேப்பர் வந்த அப்புறம் பணம் தர்றோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

மூன்றாவது, இராஜபாளையத்தில் ஒருவர் வீட்டில் நின்றது. 2016 மாடல், 85 குதிரைத்திறன் டீசல், முதல் உரிமையாளர், ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உண்டு. மீட்டரில் 82,000 கிலோமீட்டர். மீட்டரை நம்பவில்லை, ரசீதுகளை வரிசைப்படுத்தினோம். ஆண்டுக்கு ஆண்டு கிலோமீட்டர் ஒழுங்காக ஏறியிருந்தது. பெடல் ரப்பரும் ஸ்டீயரிங்கும் அந்தக் கணக்குக்குப் பொருத்தமாகத் தேய்ந்திருந்தன. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயதானால் ரப்பர் விறைத்துவிடும். இரண்டு டயரை மாற்றியாக வேண்டும் என்று குறித்துக்கொண்டோம்.

காலையில் வண்டியை முன்கூட்டி ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முதல் நாளே போனில் சொல்லியிருந்தோம். குளிர்ந்த இயந்திரம்தான் உண்மை பேசும். ஒரே திருப்பில் எடுத்தது, புகை இல்லை. பானெட்டின் போல்ட்டுகளில் பெயின்ட் உரியவில்லை, கதவுத் தூண்களில் தட்டி எடுத்த தடம் இல்லை.

ஒரே ஒரு கேள்விக்குத்தான் அவரிடம் பதில் இல்லை: டைமிங் பெல்ட். இந்த டீசல் இயந்திரத்தில் சங்கிலி கிடையாது, பெல்ட்தான். கம்பெனி சொல்லும் கிலோமீட்டர் அல்லது ஆண்டு, இதில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும். குறைவாக ஓடிய வண்டிக்கும் ஆண்டுக் கணக்கு உண்டு என்பதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். அது ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், இயந்திரமே போச்சு. மாற்றிய ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். விடைத்தாளில் எழுதாத விடைக்கு மதிப்பெண் போட முடியுமா?

கேட்ட விலை 5,25,000. பெல்ட் செட், தண்ணீர் பம்ப், இரண்டு டயர், முன் பக்கம் கடகடத்த ஒரு புஷ், எல்லாவற்றுக்கும் தம்பி தாளில் விலை போட்டுக் கொடுத்தான். அந்தத் தாளை அவர் முன் வைத்தேன். பேரம் என்று பெரிதாக ஒன்றும் பேசவில்லை. அவரும் ஓய்வு பெற்றவர்தான், தாளை இரண்டு முறை படித்தார். 4,85,000-க்கு முடிந்தது.

காகித வேலை

பணம் கொடுக்கும் முன் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு உரிமையாளர் பெயர், எத்தனையாவது உரிமையாளர், கடன் உண்டா, இன்சூரன்ஸ் எதுவரை என்று பாருங்கள். இ-சலான் பாக்கியும் தெரியும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் இருந்து அடைத்திருந்தால் படிவம் 35-ம் வங்கிக் கடிதமும். "நாங்களே மாத்தித் தர்றோம், நீங்க போங்க" என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். பெயர் மாறாத வண்டியில் விபத்து நடந்தால் இரண்டு வீட்டுக்கும் துன்பம். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்றவரின் நோ கிளெய்ம் தள்ளுபடி அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. அதனால் பிரீமியம் கொஞ்சம் கூடும், அதையும் கணக்கில் வையுங்கள். ஆர்சி பதினைந்து வருஷத்துக்கு. அதற்குப் பிறகு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. எங்கள் வண்டிக்கு 2031 வரை கவலையில்லை.

கணக்கு

டாக்சிக்கு ஒரு நடைக்கு 2,000 ரூபாய், மாதம் எட்டு நடை என்றால் 16,000. சொந்த வண்டியில் மாதம் 920 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 கிடைக்கிறது. ஏறக்குறைய 58 லிட்டர், லிட்டர் 93 ரூபாய் என்றால் 5,400. இன்சூரன்ஸ் மாதக் கணக்கில் 1,000. சர்வீஸ், டயர், எதிர்பாராத செலவு என்று மாதம் 2,500 தனியாக எடுத்து வைக்கிறேன். மொத்தம் 8,900. மிச்சம் மாதம் 7,100, வருஷத்துக்கு 85,000.

வண்டி விலை, வேலை, பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்து எங்களுக்கு 5,40,000 ஆனது. போட்ட பணம் திரும்ப ஆறு வருஷத்துக்கு மேல் ஆகும். அதாவது ஆர்சி முடிகிற காலமும் பணம் திரும்புகிற காலமும் ஏறக்குறைய ஒன்று. கார் வாங்கினால் லாபம் என்று யாராவது சொன்னால் நோட்டை எடுத்து இப்படிப் பெருக்கிப் பாருங்கள். லாபத்துக்காக நாங்கள் வாங்கவில்லை. அந்த பதினேழு நாளுக்காக வாங்கினோம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே பிளாஸ்டிக் எல்லாம் சாதாரணம். க்ரெட்டாவில் ஏறிவிட்டு இதில் ஏறினால் அரசுப் பள்ளிக்கு வந்த மாதிரி இருக்கும் (எனக்கு அதுதான் பழக்கம்). சில பொத்தான்கள் நாம் தேடாத இடத்தில் இருக்கும். ஐந்து பேருக்கு மேல் உட்கார முடியாது, பெரிய குடும்பத்துக்கு ஆகாது. மறுபடி விற்கப் போனால் நிறுத்தின வண்டி என்று விலை குறைப்பார்கள். அதே காரணத்தால்தான் நமக்கும் குறைவாகக் கிடைத்தது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். போன மாதம் ஒரு ஆட்டோ உரசிப் பக்கக் கண்ணாடி உடைந்தது. மதுரையில் பழைய உதிரிபாகக் கடையில் தம்பி தேடிப் பிடித்தான், மூன்று நாள் ஆனது.

எல்லாருக்கும் இதுதான் சரி என்று சொல்லமாட்டேன். மாதம் 300 கிலோமீட்டர்கூட ஓடாத வீட்டுக்குப் பழைய டீசல் வண்டி வீண், பெட்ரோலே போதும். பக்கத்தில் நம்பிக்கையான மெக்கானிக் இல்லாதவர்கள் நிறுத்தின மாடலைத் தொட வேண்டாம். கையில் இருப்பதை முழுவதும் விலையிலேயே கொடுத்துவிடுகிறவர்களும் வேண்டாம். பத்தில் ஒரு பங்கையாவது முதல் மூன்று மாதச் செலவுக்கு ஒதுக்கி வைத்தால்தான் பழைய வண்டி. இந்த மூன்றும் சரியாக இருந்தால், யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு மாடலில் நல்ல வண்டி குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

வண்டி வந்து நான்கு மாதமாகிறது. நோட்டில் தவறிய நாள் ஒன்று. அன்று பையனுக்குக் காய்ச்சல். போன வாரம் தெரபி செய்கிற பெண் சொன்னார், குதிகால் முன்னைவிட நன்றாகத் தரையில் படிகிறதாம். மகள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அதை மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சொல்லப் போனாள், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசு என்று அதட்டினேன்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் யாரானாலும் கமெண்டில் கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததை மெக்கானிக் தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன். இதைப் படிக்கிற என் மாணவர்களில் கார் கம்பெனிகளிலும் ஆர்டிஓ அலுவலகங்களிலும் வேலை பார்ப்பவர்கள் உண்டு. விட்டுப்போனது ஏதாவது இருந்தால் நீங்களும் எழுதுங்கள், மற்றவர்களுக்குப் பயன்படும்.

எல்லாரும் சீட் பெல்ட் போடுங்கள். பின் இருக்கையில் இருப்பவர்களும்தான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்